'சாப்பிட்டுவிட்டேன்' என்பதை ஜப்பானியத்தில் எப்படிச் சொல்வது?

சாப்பிட்டீர்களா என்று ஜப்பானியர் கேட்டால் 'தபேத்தே ஷிமாய்மஷ்தா' என்று பதில் சொல்லும் தமிழர்கள் நிறைய. நம் 'விடு' என்ற துணைவினைக்கு 'ஷிமவு' (இதன் மரியாதை இறந்தகாலம்தான் 'ஷிமாய்மஷ்தா') பொருந்துகிறதே என்று நினைப்பதால் வரும் வினை. 'ஷிமவு' தனியாக வந்தால், எடுத்து உள்ளே வைப்பது: கத்தரிக்கோலை இழுப்பறையில் வைப்பது மாதிரி. 'தபேத்தே' (சாப்பிட்டு) போன்ற 'தே' எச்சத்துக்குப் பின்னால் வந்தால் முழுசாக முடித்ததையும் சொல்லும், வருத்தத்தையும் சொல்லும். அதாவது நம் 'விடு', 'தொலை' இரண்டின் வேலையையும் ஒன்றே பார்க்கிறது. வெறும் கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னால் 'சாப்பிட்டுத் தொலைத்தேன்' என்ற தொனி ஏறிவிடும். 'மோ தபேமஷ்தா' (ஏற்கெனவே சாப்பிட்டேன்) போதும்.

பதில்: ஒரு திருத்தம். சாப்பிடக் கூப்பிட்டவரிடம் 'சுமிமசென் (மன்னிக்கவும்), மோ தபேத்தே ஷிமாய்மஷ்தா' என்றால் அது சரிதான். கூட வர முடியவில்லையே என்ற வருத்தம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. மறப்பது, தொலைப்பது, உடைவது மாதிரி வினைகளோடு வந்தால் பெரும்பாலும் வருத்தம்தான்: 'வசுரேத்தே ஷிமாய்மஷ்தா', மறந்துவிட்டேன். 'ஜென்பு' (எல்லாம்), 'க்யோ ஜூ னி' (இன்றைக்குள்) கூட வந்தால் வேலையை முடித்த அர்த்தம் மேலோங்கும்.

'அவரிடம் சொல்லிவிடுங்கள்' என்பதற்கும் 'ஷிமவு' போடாதீர்கள். அங்கே 'ஒகு' (முன்கூட்டியே செய்துவைப்பதைச் சொல்லும் துணைவினை; எச்சம் 'ஒஇத்தே'): 'த்சுதாஎத்தே ஒஇத்தே குதசாய்'.

பதில்: பேச்சில் முழு வடிவத்தைத் தேடினால் காதில் விழாது. 'தே ஷிமவு' சுருங்கி 'ச்சவு' ஆகிறது: தபேச்சத்தா. 'நோன்தே' (குடித்து) போல எச்சத்தின் 'த' மெலிந்து ஒலித்தால் 'ஜவு': நோன்ஜத்தா. ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவந்து 'கச்சத்தா!' (வாங்கிட்டேன்!) என்று சிரிப்பவருக்கு வருத்தம் எதுவும் இல்லை, கொஞ்சம் குறும்பு, அவ்வளவுதான். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இந்தச் சுருக்கம் வேண்டாம். இன்னொரு கண்ணி: 'தபேச்ச தமே' என்பதில் இருப்பது ஷிமவு அல்ல, 'தே வா'வின் சுருக்கம். சாப்பிடக் கூடாது என்று பொருள்.

பதில்: கதவு மூடுவதற்கு 'ஷிமரு'. அதன் எச்சமும் 'ஷிமத்தே', ஷிமவுவின் இறந்தகாலமும் 'ஷிமத்தா'. அதனால்தான் ரயில் கதவு முகத்துக்கு நேரே மூடினால் 'தோஆ கா ஷிமத்தே ஷிமத்தா'. முதலில் வருவது கதவு, அடுத்தது 'போச்சே'. தனியாக 'ஷிமத்தா!' என்று யாராவது கத்தினால் எதையோ மறந்திருக்கிறார், அல்லது கைதவறிவிட்டது.