'மருத்துவக் கமுக்கம்' சரியா? (பணியாளர் நோய்விவரம் தொடர்பாக)

அன்பு நண்பர்களுக்கு,

> பணியாளரின் மருத்துவ விவரத்தை நிறுவனம் வெளியே விடக்கூடாது என்பதைக் குறிக்க 'மருத்துவ அந்தரங்கம்' போடலாமா? அல்லது 'மருத்துவ மந்தணம்'?

அந்தரங்கம் வேண்டாம். பேருந்து நிலையச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டும் நோட்டீஸ் அந்தச் சொல்லை எப்போதோ கெடுத்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஒருவர் கம்பெனி விதிமுறையில் 'அந்தரங்க நோய் விவரம்' என்று படித்தால் பதறிப்போவார். ரகசியத்துக்கும் இதே கதிதான்.

மந்தணம் ரகசியம் என்ற பொருளில் அரசு அலுவலகங்களில் புழங்கும் நல்ல சொல். ஆனால் அங்கே மந்தணக் குறிப்பு என்றால் பணியாளரைப் பற்றி மேலதிகாரி எழுதுவது. நெடுங்காலம் அந்தப் பணியாளர் கண்ணிலேயே படாமல் வைக்கப்பட்டது. நமக்கு வேண்டியது நேர்மாறு, பணியாளருக்காக அலுவலகத்தாரின் கண்ணில் படாமல் வைப்பது. 'மருத்துவக் காப்பு' என்றால் பாதிப் பேர் காப்பீடு என்று வாசித்துவிடுவார்கள்.

இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பணியாளரின் உரிமை. அதற்குத் 'தனியுரிமை' நிலைத்துவிட்டது, தொட வேண்டாம். மற்றது, விவரம் யார் கைக்குப் போனதோ அவருடைய கடமை. சட்டங்களில் கனமாக இருப்பது இந்த இரண்டாவதுதான். நம் ஊர் எச்.ஐ.வி. சட்டத்தையே (2017) பாருங்கள். ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. நிலையை, அதை அறிந்தவர் சொன்னவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக்கூடாது என்கிறது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (1990) பணியாளரின் மருத்துவத் தாள்களைப் பணிக்கோப்போடு சேர்க்காமல் தனிக் கோப்பில் வைக்கச் சொல்கிறது. கனமானதைத் தூக்கக்கூடாது, நடுவில் ஓய்வு வேண்டும் என்பது போல வேலைக்குத் தேவையானதை மேற்பார்வையாளரிடம் சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் விடுப்புச் சான்று தாளாக இருந்த காலத்தில் காப்பீட்டு நிதியத்துக்குப் போன படியில் நோய்க்குறி இருக்கும். முதலாளிக்குப் போன படியில் எந்த நாள்வரை வேலைக்கு வர முடியாது என்பது மட்டும்தான்.

நம் பக்கம்? லீவு லெட்டரோடு டாக்டர் சர்டிபிகேட்டை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தால் அது சூப்பர்வைசர் மேசையில் அரை நாள் திறந்து கிடந்து, டைம் ஆபீஸ் போய், அக்கவுண்ட்ஸுக்கு வரும்போது கேன்டீன் வரை சேதி தெரிந்திருக்கும். தடுக்கப்பட வேண்டியது இந்தப் பயணம்.

அதனால் என் பரிந்துரை 'மருத்துவக் கமுக்கம்'. 'கமுக்கமா வச்சுக்கோ' என்று வீட்டில் சொல்வதுதான். சேதியை நாம் யாரிடம் சொன்னோமோ அவரைப் பார்த்துச் சொல்வது, ஆகவே கடமை யாருடையது என்பது சொல்லிலேயே இருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: 'பணியாளரின் நோய்விவரத்தை அறிந்த மேலாளர் மருத்துவக் கமுக்கம் காக்கக் கடமைப்பட்டவர்.' இடறவில்லை.

> கமுக்கம் என்றால் கள்ளத்தனம் என்ற வாடை இல்லையா? 'கமுக்கமான ஆளு' என்போமே.

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடை ஆளுக்கு அடைமொழியாக வரும்போதுதான். 'கமுக்கம் காத்தல்' என்று வினையோடு சேர்த்தால் போய்விடுகிறது. அந்தரங்கத்தின் வாடை நோயாளி மேல் விழுகிறது. இதன் வாடை, மிஞ்சினால், மேலாளர் மேல் விழும். அது எனக்குச் சம்மதமே.

ஒரே சங்கடம், கோப்புக்குப் பெயர் வைக்கும்போது. 'மருத்துவக் கமுக்கக் கோப்பு' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதற்குத் 'தனி மருத்துவக் கோப்பு' போதும். இலங்கை நண்பர்கள் 'கோவை' என்பீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். விதிமுறை அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்துவிடலாம்.