மின்னிருப்பு, பேட்டரி நலம்: வென்டிலேட்டர் பயணக் குறிப்புக்கு இரண்டு சொற்கள்

> 'ஸ்டேட் ஆஃப் சார்ஜ்' என்பதற்கு 'மின்னேற்ற நிலை' போதுமே. புதிய சொல் எதற்கு?

நண்பர்களே,

பாடநூலுக்குப் போதும். நாம் எழுதுவது, வென்டிலேட்டரோடு ஒருவரை வெளியூர் அழைத்துச் செல்லும் குடும்பத்தார் கையில் வைத்துப் படிக்கும் குறிப்பு. 'மின்னேற்ற நிலை' என்றால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்றும் பொருள் கொள்ளலாம். 'மின்னிருப்பு' என்றால் கையிருப்பு போல, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான். 'மின்னிருப்பு 40%' என்று எழுதினால் விளக்கம் வேண்டாம்.

என் பெரிய கவலை இன்னொரு சொல்லில்தான். 'ஸ்டேட் ஆஃப் ஹெல்த்' என்பது, புதிதில் தாங்கிய அளவில் பேட்டரி இப்போது எத்தனை சதவீதம் தாங்குகிறது என்பது. நம் வரைவில் சில இடங்களில் இதையும் சார்ஜ் அளவையும் 'பேட்டரி நிலை' என்றே எழுதியிருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. புதிதில் 100 வாட்-மணி (பேட்டரி தாங்கும் மின்னாற்றலின் அளவு) கொண்ட பேட்டரி, கருவி 25 வாட் இழுத்தால் 4 மணி நேரம் வரும். அதே பேட்டரி பழசாகி 60 வாட்-மணிதான் தாங்குகிறது என்றால் 2 மணி 24 நிமிடம்தான். இரண்டு சமயத்திலும் திரை 100% என்றே காட்டக்கூடும். குடம் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் குடமே சிறுத்துவிட்டது. இதை அறியாமல் பயண நேரத்தைக் கணக்கிட்டால் பாதி வழியில் மூச்சுக்கே ஆபத்து.

இதற்கு வந்த பரிந்துரைகளில் 'எஞ்சிய கொள்திறன்' வேண்டாம் என்பேன். மீதி சார்ஜ் என்றே பலரும் புரிந்துகொள்வார்கள். 'தேய்மானம்' நல்ல தமிழ்தான், ஆனால் எண் தலைகீழாகிவிடும்: கருவி 70% என்று காட்ட, நம் குறிப்பு 30% என்று சொல்லும். 'பேட்டரி நலம்' என்றால் எண் குறையக் குறைய நலமும் குறைகிறது. அதையே ஏற்கலாம். 'மின்கல நலம்' என்று மாற்ற வேண்டியதில்லை; பேட்டரி என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது.

சொற்கள் பிரிந்துவிட்டால் பராமரிப்புப் பகுதியும் தெளிவாகிறது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்குப் பாதியளவு மின்னிருப்பு நல்லது. முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் நலம் விரைவாகக் குறையும். ஆனால் ஒருவர் மூச்சுக்கு நம்பியிருக்கும் பேட்டரியைப் பாதியில் வைக்கக் கூடாது. கைப்பேசிக்குச் சொல்லும் '80 சதவீதத்தோடு நிறுத்து' என்ற அறிவுரை இங்கே செல்லாது. நலம் கொஞ்சம் குறைந்தாலும் மின்னிருப்பு முழுதாக இருக்க வேண்டும், பேட்டரியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இந்த வாக்கியத்தைப் பழைய சொல்லை வைத்து எழுதவே முடியவில்லை.

அப்புறம் விமானப் பகுதி. வரைவில் உள்ள '30%' விதி, தனி லித்தியம் அயனி பேட்டரிகளைச் சரக்கு விமானத்தில் அனுப்புவதற்கானது: மின்னிருப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016-இல் வந்தது. பயணி கையில் கொண்டுபோகும் பேட்டரிக்கு அது பொருந்தாது. அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், யாராவது சார்ஜைக் குறைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பயணிக்கு வேண்டியது வாட்-மணி வரம்பு: 100 வரை பொதுவாகத் தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பேட்டரியில் வாட்-மணி அச்சிடப்படவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் போதும். உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகள் உலோகத்தில் படாதபடி மூடியிருக்க வேண்டும். சரக்கறையில் தீப்பிடித்தால் யாரும் எட்ட முடியாது.

மூச்சுக் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஈரப்பதமூட்டி மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பதையும், கருவி நின்றால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் 'ஆம்பு' (Ambu) பை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இதே பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

'ஹாட் ஸ்வாப்' மட்டும் மிச்சம். கருவி ஓடும்போதே பேட்டரியைக் கழற்றி மாட்டுவது. 'நிறுத்தாமல் மாற்றல்' என்று வைத்திருக்கிறேன். எல்லாக் கருவியிலும் இது முடியாது என்பதால், சொல்லைப் பார்த்ததும் 'என் கருவியில் முடியுமா?' என்று கேட்கத் தோன்ற வேண்டும். செவிலியர்கள் இதை நடைமுறையில் எப்படிச் சொல்கிறீர்கள்?