கை எரிந்தால் நிறுத்தவா, தாண்டிப் போகவா?

இரவுப்பியானோ:
வணக்கம். எனக்கு 34 வயது, ஆறு வருடமாகப் பியானோ கற்கிறேன். வேலை முடிந்து வந்து இரவு ஒன்பதரைக்கு மேல் ஹெட்ஃபோன் மாட்டி டிஜிட்டல் பியானோவில் ஒன்றரை மணி நேரம் வாசிப்பேன். இப்போது எடுத்திருப்பது இசையமைப்பாளர் ஷோபானின் ஓபஸ் 10 (படைப்பு எண்), முதல் எட்யூட், அதாவது பயிற்சிக்கான பியானோ இசை. மெதுவாக என்றால் 79 பார்களும் (தாளப் பகுதிகள்) வருகின்றன. மெட்ரோனோமை (தாளக் கருவி) நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல் ஏற்றினால் இருபதாவது பாருக்குள் வலது முன்கை கல்லாக இறுகி எரிகிறது. ஆசிரியர் "எரிந்தால் நிறுத்து" என்கிறார். உடன் கற்கும் நண்பர் "தாண்டிப் போ, பழகிவிடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அசுரசாதகம்:
நண்பர் சொல்வதுதான் சரி. நான் 11 வருடம் வீணை வாசித்தவன். தந்தி அறுத்து விரல் நுனி புண்ணாகி, அதன் மேலேயே வாசித்துக் காய்ப்பு ஏறியது. வலிக்கிறது என்று எடுத்து வைத்திருந்தால் இன்றும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில்தான் இருந்திருப்பேன். அசுர சாதகம் என்று பெரியவர்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பதே ஒன்றரை மணி நேரம். ஓய்வு என்று ஐந்து நிமிடம் எழுந்தால் கை ஃபோனுக்குப் போகும், அரை மணி நேரம் காணாமல் போகும்.

கட்டைவிரல்:
நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள். ஐயா, காய்ப்பு ஏறுவது தோலில். இவருக்கு எரிவது தசையில். விரல்களுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. உரசினால் தோல் தடித்து உறுதியாகும். தசைநாண் அப்படி இல்லை, அது வீங்கும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது லிஸ்ட்டின் டான் ஜுவான் ஃபான்டசி, பலகிரேவின் இஸ்லாமே என்ற இரண்டு கடினமான பியானோ படைப்புகளை வெறியோடு சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இடது கைக்கு மட்டுமான ஓபஸ் 9ஐ அவர் 1894இல் எழுதினார். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனுக்கு வலது கை விரல் போய், பியானோ மேடை என்ற கனவே முடிந்தது. இதையெல்லாம் படித்த பிறகு, என் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "தாண்டிப் போ" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அசுரசாதகம்:
அம்மா, ஷூமன் விரலுக்கு ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தவர். அவர் கை ஏன் கெட்டது என்று இன்றும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஸ்க்ரியாபின் தேறி வந்து இரண்டு கையாலும் மேடையில் வாசித்தாரே. இவர்கள் நாள் முழுக்க வாசித்தவர்கள். ஒன்றரை மணி நேரக்காரரை அவர்களைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமா? இந்த எட்யூடில் மூச்சு விட இடமே இல்லை. சுமார் இரண்டு நிமிடம் வலது கை நிற்காமல் ஓட வேண்டும். வீட்டில் இருபது பாருக்கு ஒருமுறை நிறுத்திப் பழகினவர் மேடையில் எங்கே நிறுத்துவார்?

மகளின்அம்மா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகளுக்கு 12 வயது. முன்பு சொல்லிக்கொடுத்தவர் தப்பு வந்தால் இருபது முறை திருப்பி வாசிக்கச் சொல்வார். அவளும் அழுதுகொண்டே இருபது முறையும் அதே தப்பை வாசிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு தடவை" என்றுதான் சொன்னேன். அது இப்போதும் உறுத்துகிறது. புது ஆசிரியர் ஒரே தப்பு மூன்றாம் முறை வந்தால் கையை மடியில் வைக்கச் சொல்கிறார். அப்புறம் அந்த இடத்தை வாயால் பாட வேண்டும். மாலையில் வராத இடம் மறுநாள் காலையில் வருவதை நானே பார்க்கிறேன்.

2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்த ஒரு ஆய்வைப் படித்தேன். ஐந்து எண்களை இடது கையால் 10 வினாடி தட்டி, 10 வினாடி சும்மா இருக்கச் சொன்னார்கள். ஆரம்பக் கட்டத்தில் வேகம் கூடியது தட்டும்போது அல்ல, அந்தச் சும்மா இருந்த இடைவெளிகளில்தான்.

கட்டைவிரல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அசுரசாதகம் ஐயா கேட்ட மேடைக் கேள்வி நல்ல கேள்வி. என் பதில் இது: அந்த எட்யூடில் ஓய்வு உள்ளேயே இருக்கிறது. கை பத்து கட்டை அகலத்துக்கு விரிகிறது, உண்மைதான். ஆனால் சுண்டுவிரல் வாசித்ததும் கை குவிந்துவிட வேண்டும். பலர் விரித்த கையை விரித்தபடியே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எரிவது அதனால்தான். எரிச்சலோடு நூறு முறை வாசித்தால் இறுக்கத்தையே நூறு முறை பழகுகிறோம். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்று ஷோபானே மாணவர்களைத் தடுத்திருக்கிறார்.

தம்பி, வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே தோள் மேலே ஏறும், மூச்சு நிற்கும், கேட்காமலே சத்தம் கூடும். அப்போதே கையை எடுங்கள். இசைக்குறிப்பு நோட்டை மடியில் வைத்துப் படித்தாலும் அது பயிற்சிதான். மறுநாள் காலையிலும் வலி இருந்தாலோ விரல் மரத்தாலோ என்னிடமோ ஐயாவிடமோ கேட்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இரவுப்பியானோ:
நேற்று இரவு எட்டு எட்டு பாராக வாசித்து, நடுவில் கையை மடியில் வைத்தேன். ஒன்று தெரிந்தது. வீட்டில் தூங்குகிறார்களே என்று ஹெட்ஃபோனிலும் ஒலியைக் குறைத்தே வைத்திருக்கிறேன். ஐந்தாவது பாரிலிருந்து சத்தம் போதாமல் கட்டைகளை ஓங்கி அடிக்கிறேன்! ஒலியைக் கூட்டினேன், அடி குறைந்தது. 112இல் முப்பதாவது பார் வரை எரிச்சல் இல்லை.

அசுரசாதகம்:
சரி, அது நல்ல செய்தி. எட்டு பார் துண்டுகளை எப்போது சேர்க்கப் போகிறீர்கள்? அதைத் தள்ளிப்போட்டால் சேரவே சேராது. இதில் நான் மாறவில்லை.

இரவுப்பியானோ:
சனிக்கிழமை காலையில், சார். கை தளர்ந்திருக்கும்போது, 100இல், 79 பாரும் ஒரே ஒரு முறை.