துபுவா மண்டி போட்டது கோழைத்தனமா?

செந்தூல் சிங்கம்: நேத்து மாமாக் கடையில ஆரம்பிச்ச வாக்குவாதம், இங்க தொடரட்டும். 2020 நவம்பர் 28, லண்டன். டேனியல் துபுவா, ஜோ ஜாய்ஸ், ரெண்டு பேருமே அதுவரை தோல்வியே காணாத ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரருங்க. துபுவா 15 சண்டை, அதுல 14 நாக்அவுட். ஜாய்ஸ் 11 சண்டை. பத்தாவது ரவுண்டுல ஒரு ஜேப், அதாவது முன் கையால நேரா விடுற குத்து, இடது கண்ணுல பட்டதும் துபுவா மண்டி போட்டார், அவர் எழுந்திரிக்காம ரெஃப்ரி பத்து எண்ணி முடிச்சார், சண்டை தோத்துப் போச்சு. அன்னிலேர்ந்து அவருக்குக் கோழைப் பட்டம். பெரிய அநியாயம்.

கிள்ளான் கரிகாலன்: என்னண்ணே அநியாயம்? மூணு நடுவர்ல ரெண்டு பேரோட புள்ளி அட்டையில துபுவாதான் முன்னால இருந்தார். கையில இருந்த சண்டையை விட்டுட்டார். வலி தாங்கத்தானே காசு? 1975ல நம்ம கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல முகமது அலிகிட்ட ஜோ பக்னர் அந்தப் புழுக்கத்துல 15 ரவுண்டு நின்னார். தோத்தாலும் நின்னார்.

செந்தூல் சிங்கம்: பக்னருக்குக் கண்குழி எலும்பு உடையல தம்பி. துபுவாவுக்கு உடைஞ்சது, விழித்திரையில ரத்தக்கசிவும் இருந்தது. அப்போ வயசு 23.

பத்துமலை கோச்: பசங்களுக்குச் சொல்லித் தர்றவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். இடது கண் மூடிட்டா எதிராளியோட வலது கை எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. தூரமும் பிடிபடாது, அவர் ஜேப் எட்டுமா எட்டாதான்னு கணக்குப் போட முடியாது. ஜாய்ஸ் வேற ஒவ்வொரு ரவுண்டும் அதே இடத்துல இடிச்சிக்கிட்டே இருந்தார். வீக்கம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுறதை டிவியில பாத்த நமக்கே தெரிஞ்சது. கார்னர்ல பக்கத்துல நின்ன அவரோட பயிற்சியாளர் குழுவுக்குத் தெரியாதா? டவலை வீசி சண்டையை நிறுத்தியிருக்கணும். 2016ல கொலொவ்கின் சண்டையில கெல் புரூக்குக்கு அதே எலும்பு அடிபட்டப்போ அவர் கார்னர் அஞ்சாவது ரவுண்டுலயே வீசிட்டாங்க. எனக்குக் கோபமெல்லாம் இந்தக் கார்னர் மேலதான்.

கிள்ளான் கரிகாலன்: கார்னரைத் திட்டுங்க கோச், நானும் கூட வர்றேன். ஆனா நிறுத்தறது கார்னர் வேலை, ரெஃப்ரி வேலை. ஃபைட்டர் தானா மண்டி போடக்கூடாது. 2018ல புக்கிட் ஜாலில்ல பக்கியாவோகிட்ட மத்தீசே மண்டி போட்டப்போ நான் கேலரியில இருந்தேன். காசு குடுத்து வந்தவனுக்கு வயிறு எரியும்.

பத்துமலை கோச்: உங்க டிக்கெட் காசுக்கு ஒருத்தன் கண்ணு ஈடாகாது தம்பி. அதே புரூக், 2017ல ஸ்பென்ஸ் சண்டையில இன்னொரு கண்ணோட குழி எலும்பு உடைஞ்சு, பதினோராவது ரவுண்டுல தானே மண்டி போட்டார். கிளவ்ஸ் மாட்டின எவனும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டான்.

கிள்ளான் கரிகாலன்: சரி, 2023ல போலந்துல உசிக் சண்டைக்கு என்ன பதில்? ஒன்பதாவது ரவுண்டு, ஒரு ஜேப், பத்து எண்ணி முடியுறவரைக்கும் எழுந்திரிக்கல. அப்போ எந்த எலும்பும் உடையலயே.

செந்தூல் சிங்கம்: அன்னிக்கு உடம்பு ஓஞ்சு போச்சு, அது வேற கதை. அடுத்த வருஷம் ஹர்கோவிச் சண்டையோட முதல் ரவுண்டைப் போட்டுப் பாருங்க. அவ்வளவு வலது கை அடி வாங்கிட்டும் முன்னாலதான் வந்தார், எட்டாவது ரவுண்டுல ஜெயிச்சார். செப்டம்பர்ல வெம்ப்ளியில ஜோஷுவாவை அஞ்சே ரவுண்டுல சாய்ச்சார். 2020ல அந்தக் கண்ணு போயிருந்தா இந்த ரெண்டு சண்டையும் ஏது?