புஷ் டான்ஸில் மாட்டியவர்கள் கதையைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரேலியாவில், மேற்கு விக்டோரியாவில், சுற்றிலும் கோதுமை வயலாக இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போன முதல் மாதமே, சனிக்கிழமை ராத்திரி ஊர் ஹாலில் புஷ் டான்ஸ், அதாவது ஊரே கூடி ஆடும் நாட்டுப்புற நடனம், கட்டாயம் வரணும் என்றார்கள். ‘தட்டு கொண்டு வா’ என்றால் பலகாரத்தோடு வரணும் என்று தெரியாமல் வெறுந்தட்டோடு போன கதை நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும், அதை விடுங்கள். சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் போனேன். மேடையில் அக்கார்டியன், ஃபிடில் என்கிற வயலின். அடுத்த அடி என்ன என்று மைக்கில் கத்திச் சொல்ல ஒருவர், அவர்தான் காலர். ‘ஹீல் அண்ட் டோ போல்கா’ என்று அவர் சொன்னதும் ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்து இழுத்துவிட்டார். குதிகால், கால்நுனி, குதிகால், கால்நுனி, பக்கவாட்டில் நாலு தாவல், அதையே திரும்பவும். அப்புறம் எதிரில் இருப்பவரோடு வலக்கையில் மூன்று தட்டு, இடக்கையில் மூன்று, இரண்டு கையிலும் மூன்று, அவரவர் தொடையில் மூன்று. ஒரு சுற்றுச் சுற்றியதும் ஜோடி மாறிவிடும். பத்தே நிமிஷத்தில் ஸ்கூல் பஸ் டிரைவர், பேக்கரிக்காரம்மா என்று பாதி ஊரோடு கை தட்டியாயிற்று. எட்டு வயசுப் பெண் ஒருத்தி மட்டும் நான் ஒரு கைதட்டலைத் தவறவிட்டதற்கு முறைத்தாள்.

*

அடுத்து நான் சொல்கிறேன். உங்களைப் போல ஆட்டம் எனக்கு வராது, நான் லாகர்ஃபோன் கோஷ்டி. துடைப்பக் கட்டையில் பீர் பாட்டில் மூடிகளை ஆணியடித்துத் தொங்கவிட்ட வாத்தியம். தரையில் குத்தி, வெட்டு விழுந்த குச்சியால் இழுத்து வாசிப்பார்கள். 1950-களில் சிட்னியின் புஷ்வாக்கர்ஸ் குழுவில் பிரையன் லஃப்லின் வாசித்துத்தான் இது பரவலாயிற்று. ஆசையாக ஒன்று செய்தேன், சத்தமே வரவில்லை. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்: “இவ்வளவு இறுக்கி அடித்தால் எப்படிப் பேசும்?” ஆணியைவிட ஓட்டை பெரிதாக இருக்கணுமாம், ஒரு ஆணிக்கு இரண்டு மூடி, மூடியின் உள்ளே ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துவிடணும். மொத்தத்தையும் பிடுங்கி மறுபடி அடித்தேன். இப்போது வீட்டில்தான் எதிர்ப்பு.

*

இது என் பங்கு. முடிந்தால் புத்தாண்டு சமயத்தில் நாரியல் க்ரீக் போய் வாருங்கள், விக்டோரியாவில் கோரியாங் பக்கம். 1963 முதல் அங்கே நாட்டுப்புற இசைவிழா நடக்கிறது. அந்த ஊர் இசைக்காரர் கான் கிளிப்பலும் அவருடைய உறவு, அக்கம்பக்கமும் வாசித்துவந்த பழைய நடன மெட்டுகள்தான் அதற்கு ஆணிவேர். ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினோம்; ராத்திரி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஃபிடில். ‘வர்சோவியானா’ என்ற நடனத்தை அங்கேதான் கற்றேன், சரி, கற்க முயன்றேன். கூட ஆடிய அம்மா தன் சின்ன வயசு ஹாலைப் பற்றிச் சொன்னார்: மரத்தரை வழுக்க மெழுகுவத்தியைச் சீவித் தூவி, சாக்கில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தரை முழுக்க இழுப்பார்களாம். “டான்ஸைவிட அதற்குத்தான் எங்களுக்குள் அடிதடி” என்றார்.