காலேஜ் ஃபுட்பால் கோச் கரியர் எப்படி போகும்? நிக் சேபன் கதை புரிய மாட்டேங்குது

கடைசி_பெஞ்ச்:
இப்பதான் அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். எல்லாரும் சேபன் சேபன்னு உருகுறாங்களேன்னு தேடிப் பாத்தா, ஏழு நேஷனல் டைட்டில், ஆனா முதல் டைட்டில் ஜெயிக்கும்போதே 52 வயசு, அதுக்கு முன்னாடி ஊர் ஊரா மாறிட்டே இருந்திருக்காரு. எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) டைட்டில் அடிச்சது சரி, அப்புறம் என்எஃப்எல்னு ப்ரொஃபெஷனல் லீக்குக்குப் போய் மயாமில ரெண்டு சீசன்ல 15 வின், 17 லாஸ். அப்படி வந்தவருக்கு 2007ல அலபாமா 8 வருஷம் 3.2 கோடி டாலர் எதுக்குங்க கொடுத்துச்சு?

நாலாவது_டவுன்:
மயாமி ரெக்கார்டை வச்சு பாத்தா குழப்பம்தான். என்எஃப்எல்ல டிராஃப்ட் (டீமுங்க முறை வச்சு புது பிளேயரை எடுக்குறது) இருக்கு, சாலரி கேப் (மொத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு) இருக்கு, நினைச்ச பிளேயரை எடுக்க முடியாது. காலேஜ்ல 17 வயசுப் பையன் வீட்டு சோஃபால உக்காந்து அவங்க அம்மாவை சம்மதிக்க வைக்கிறவன்தான் பெரிய கோச், அதுல சேபன் கில்லாடி. அலபாமால முதல் சீசன் 7-6 (7 வின், 6 லாஸ்), லூசியானா-மன்ரோன்ற சின்ன டீம் கிட்டயெல்லாம் தோத்தாங்க, ஊரே கழுவி ஊத்துச்சு. ஆனா அடுத்த வருஷ ரெக்ரூட்டிங்ல (ஸ்கூல் பிளேயருங்களை காலேஜுக்கு சேர்க்குறது) ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்க்ரம்னு அள்ளிட்டாரு, 2009ல 14-0, டைட்டில், இங்க்ரமுக்கு ஹைஸ்மன் (காலேஜ் ஃபுட்பால்ல பெஸ்ட் பிளேயர் விருது) வேற.

ஊர் மாறுறது இந்தத் தொழில்ல சகஜம். சேபனுக்கு கோச் ஆகுற ஐடியாவே இல்ல, மனைவி டிகிரி முடிக்கிற வரைக்கும் கென்ட் ஸ்டேட்லயே இருக்கணுமேன்னு 1973ல அங்க ஹெட் கோச்சா இருந்த டான் ஜேம்ஸ் கிட்ட கிராஜுவேட் அசிஸ்டென்ட்டா (மேல்படிப்பு படிச்சுக்கிட்டே செய்ற எடுபிடி வேலை) சேர்ந்தாரு. அந்த வேலை எப்படின்னா, எதிர் டீம் ஃபில்மை ஒவ்வொரு ப்ளேக்கும் நிறுத்தி நிறுத்தி, எத்தனாவது டவுன் (பத்து யார்டு முன்னேற கிடைக்கிற நாலு முயற்சில எது), எவ்ளோ யார்டு பாக்கி, எந்த ஃபார்மேஷன்ல நின்னாங்கன்னு குறிச்சு வைக்கணும், சம்பளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. அங்கிருந்து சிராக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹையோ ஸ்டேட், நேவி, மிஷிகன் ஸ்டேட், ஹூஸ்டன்னு சுத்தி 1990ல டொலீடோலதான் முதல்முறையா ஹெட் கோச். 9-2 ஜெயிச்சுட்டு ஒரே வருஷத்துல கிளம்பி க்ளீவ்லேண்ட் என்எஃப்எல் டீம்ல ஹெட் கோச் பெலிசிக் கிட்ட டிஃபென்ஸ் பாக்கப் போயிட்டாரு!

ஸ்க்ரீன்_பாஸ்:
எல்லாருக்கும் இதே ரூட் இல்ல ப்ரோ. டாபோ ஸ்வினின்னு இன்னொரு கோச், 2000ல அலபாமா தன்னோட கோச்சிங் ஸ்டாஃபையே காலி பண்ணப்போ வேலை போய் ரெண்டு வருஷம் ரியல் எஸ்டேட்ல இருந்தாரு. 2003ல க்ளெம்சன் காலேஜ்ல ரிசீவர் (பாஸைப் பிடிக்கிற பிளேயர்) கோச், 2008 நடு சீசன்ல ஹெட் கோச் வெளிய போனதும் தற்காலிகமா இவரை உக்கார வச்சாங்க, அப்படியே நின்னுட்டாரு. 2016, 2018 ரெண்டு டைட்டில், ரெண்டு ஃபைனல்லயும் அடி வாங்குனது சேபன்தான் 😄 அலபாமால சேபன் ரிட்டயர் ஆன இடத்துக்கு 2024ல வந்த டிபோர் இன்னும் கீழேர்ந்து வந்தவரு, சூ ஃபால்ஸ்னு ஒரு சின்ன என்ஏஐஏ (சின்ன காலேஜுங்க ஆடுற அமைப்பு) காலேஜ்ல 67-3.

கடைசி_பெஞ்ச்:
ஓ செம. அப்போ தோத்தா என்ன ஆகும், சும்மா அனுப்பிடுவாங்களா?

நாலாவது_டவுன்:
சும்மாவா? ஜிம்போ ஃபிஷர் கதையைக் கேளுங்க. எல்எஸ்யூல சேபன் கிட்ட அஃபென்ஸ் (பாயிண்ட் எடுக்க ஆடுற பிரிவு) பாத்தவரு, 2013ல ஃப்ளோரிடா ஸ்டேட்டோட டைட்டில் அடிச்சாரு, 2021ல டெக்சஸ் ஏ அண்ட் எம்ல 41-38னு சேபனையே சாய்ச்சாரு. சேபன் கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்துட்டு அவரை ஜெயிச்ச முதல் ஆள். காலேஜ்காரங்க ஏற்கனவே முழு கேரன்டி இருந்த கான்ட்ராக்டை அதுக்கு முன்னாடியே நீட்டி வச்சிருந்தாங்க, 2023ல வேலையை விட்டுத் தூக்குறப்போ ஏழரைக் கோடி டாலருக்கு மேல பைஅவுட் (மிச்ச கான்ட்ராக்டுக்கான பணம்). வேலை செய்யாம இருக்கிறதுக்கு!

ஸ்க்ரீன்_பாஸ்:
அதுக்காக எல்லாருக்கும் கோடி கொட்டும்னு நினைக்காதீங்க. ஹெட் கோச் போனா அவர் கூட்டிட்டு வந்த அசிஸ்டென்ட்டுங்க பாதி பேரு பெட்டி கட்டணும். சேபன் இருந்தப்போ பெரிய பேருங்க மட்டும் அவர் கிட்ட போயி ஒதுங்குவாங்க, யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா) வேலையை விட்டுத் தூக்குன ஹெட் கோச் சார்கீசியன் 2016ல அலபாமால வெறும் அனலிஸ்ட், அப்போ அனலிஸ்ட் கிரவுண்ட்ல பிளேயருக்கு சொல்லிக் கொடுக்கவே கூடாது. இப்ப டெக்சஸ் ஹெட் கோச்.