பிளாக் சபாத்தின் உச்சம் எது: மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியா, ஹெவன் அண்ட் ஹெல்லா?

வேலந்தாவளம் லேத்:

போன வாரம் மீனாட்சிபுரம் அண்ணா இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டு பிளாக் சபாத்தின் சிறந்த ஆல்பம் 1980-இல் வந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’தான், முதல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பாடிய ஆல்பங்கள் எல்லாம் அதற்கு ஒத்திகை என்று எழுதியிருந்தார். நைட் ஷிஃப்ட் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சபாத்தின் உச்சம் 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’.

சபாத்தின் கிடார்க்காரர் டோனி அயோமியின் விரல் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை. அவருக்கு 17 வயது. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். இனி கிடார் இல்லை என்று உடைந்து கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் ஜாஸ் கிடார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்தவர் ஜாங்கோ. அதைக் கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். மேலே தோல் துண்டு ஒட்டி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கஞ்சிக்கோட்டில் ஒரு யூனிட்டில் வேலை பார்த்தபோது எனக்கும் பவர் பிரஸ்ஸில் இடது கை மோதிர விரலின் நுனி போனது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டின இடத்தில் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. கம்பி மேல் விரலை வைத்தால் வைத்ததே தெரியாது, சத்தம் வந்தால்தான் தெரியும். ஒன்றரை வருடம் கிடார் பரண் மேல் கிடந்தது.

அதை மறுபடியும் இறக்க வைத்தது இந்த ஆல்பம். ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்டு’, ‘இன்டு த வாய்டு’ மூன்றிலும் அயோமி கிடாரின் சுருதியை மூன்று ஃப்ரெட் (கிடார் கழுத்தில் உள்ள கட்டம், ஒன்று அரை சுரம்) அளவுக்குக் கீழே இறக்கி வாசித்தார். நானும் அப்படியே இறக்கினேன். கம்பி தளர்ந்தது. வழக்கமான சுருதியில் கத்தி மாதிரி அறுத்த அதே கம்பி, ஒட்டுத் தோலுக்கு அடங்கி வளைந்து கொடுத்தது. ‘இன்டு த வாய்டு’ முதல் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) முழுசாக வாசித்து முடித்தபோது மணி இரண்டு. அடிபட்ட கையின் வலி குறையட்டும் என்று இறக்கிய சுருதி உலகத்துக்கே ஒரு புது கனத்தைக் கொடுத்தது. இதைவிடப் பெரிய உச்சம் ஒரு பேண்டுக்கு இருக்க முடியுமா?

மீனாட்சிபுரம் 1980:

தம்பி, உன் விரல் விஷயத்தைப் படித்ததும் மனசு கனத்துப் போயிற்று. நீ மறுபடியும் வாசிக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஆல்பம் என்று வரும்போது என் கட்சி மாறாது.

ஓஸி பாடும் முறையைக் கவனி. ‘அயர்ன் மேன்’ பாட்டில் கிடார் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் குரலும் போகும். ரிஃப்பின் நிழல் மாதிரி. அதில் ஒரு மிரட்டல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குரலும் கிடாரும் ஒரே தடத்தில் ஓடினால் பாட்டு எத்தனை தூரம் விரியும்? 1979-இல் ஓஸியை நீக்கிய பிறகு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். ‘சில்ட்ரன் ஆஃப் த சீ’ கேள். கீழே அயோமி மெதுவாக நடக்கிறார். அதற்கு மேலே டியோ தனியாக ஒரு பாதை போட்டு ஏறுகிறார். இரண்டும் பிரிந்து பிரிந்து சேரும்போதுதான் அயோமி எவ்வளவு பெரிய இசைக்காரர் என்பதே தெரிகிறது. டியோ சின்ன வயதில் டிரம்பெட் வாசித்தவர். நம் ஊர் நாதஸ்வரக்காரர் தம் கட்டி ஒரு வரியை இழுப்பாரே, அந்த மூச்சு அவரிடம் உண்டு.

எனக்கு இந்த ஆல்பம் கிடைத்தது 1986-இல். பெரியப்பா மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டரோடு நாலு கேசட் கொண்டு வந்தார். தோப்பு மோட்டார் ரூமில் வைத்துத்தான் கேட்போம், வீட்டில் சத்தம் வைக்க விடமாட்டார்கள். முதல் பக்கம் ‘நியான் நைட்ஸ்’ என்று பாய்ந்து தொடங்கி ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாட்டில் முடியும். அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் கிடார் மட்டும் நடக்கிற இடத்தில், தண்ணீர் பாயும் சத்தமும் கூடவே கேட்கும். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு ஈர மண் வாசம் அடிக்கிறது.

அப்புறம் கணக்கையும் பார். உன் ஆல்பம் மொத்தமே 34 நிமிடம் சொச்சம். எட்டுப் பாட்டில் ‘எம்ப்ரியோ’, ‘ஆர்கிட்’ இரண்டும் சின்ன கிடார் துண்டுகள். ‘சாலிட்யூட்’ புல்லாங்குழல் வைத்த மெல்லிய பாட்டு. உச்சம் என்று சொல்ல எவ்வளவு மிச்சம்?

கொழிஞ்சாம்பாறை ஜமாப்:

இரண்டு பேரும் கிடார், குரல் என்றே பேசுகிறீர்கள். டிரம்ஸில் பில் வார்டு என்று ஒருவர் உட்கார்ந்து அடித்துக் கொண்டிருந்தாரே, அவரைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

நான் கோயில் விசேஷத்துக்கு ஜமாப் மேளம் அடிப்பவன். சித்தூர்ப் பக்கம் போனால் செண்டைக்காரர்களோடு ஒரே பந்தலில் நிற்போம். தாளம் ஒன்றாக இருந்தாலும் ஆள் ஆளுக்கு அதற்குள் சாய்கிற விதம் வேறு. வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், அந்தச் சாய்வு அவர் கையில் இருக்கிறது. ரிஃப் எவ்வளவு கனமாக இருந்தாலும் அடியில் ஒரு ஆட்டம் ஓடும். அது அப்பட்டமாகக் கேட்பது 1970 பிப்ரவரி 13-இல் வந்த முதல் ஆல்பத்தில். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மழை, மணியோசை, அப்புறம் அந்த மூன்று சுர ரிஃப். நாலு பேரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்தது காதில் விழுகிறது.

என் ஓட்டு முதல் ஆல்பத்துக்கு. இரண்டாவது ஓட்டு இருந்தால் லேத் தம்பிக்கு. ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ அடியில் இன்னொரு தாள அடுக்கு தடதடவென்று ஓடுவதைக் கேட்டீர்களா? எங்கள் ஆட்டம் அடவு மாறும் இடத்தில் இருக்கிற அதே வேகம்.

எட்டிமடை ஹாஸ்டல்:

அண்ணன்மார் மன்னிக்கணும். 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம். நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது நாலே பாட்டு. ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்டு’. அதில் மூன்று ‘பாரனாய்டு’ ஆல்பத்திலிருந்து. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யிலிருந்து ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்து ஆல்ப விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் 1970-இல் ‘பாரனாய்டு’தான். அடுத்து முதலிடம் வர 2013-இல் ‘13’ வரை காத்திருந்தார்கள். ஓஸி சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடியதை ஹாஸ்டலில் பத்துப் பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். 17 நாள் கழித்து அவர் இறந்துபோய்விட்டார். அவர் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்குச் சிறந்தது.

பாலக்காடு பேஸ்:

எட்டிமடைத் தம்பி, அந்த இரவை நானும் பார்த்தேன், அழுதேன். ஆனால் விடைபெறும் மேடையில் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டைத்தான் வைப்பார்கள். அதை வைத்து ஆல்பத்தை அளக்க முடியாது.

லேத் அண்ணாவிடம் ஒரு கேள்வி. சுருதி இறக்கியதுதான் காரணம் என்றால், ‘வால்யூம் 4’, ‘சபாத் பிளடி சபாத்’ இரண்டிலும் அதே இறக்கம் இருக்கிறதே? அவற்றில் பாட்டு அமைப்பும் இன்னும் வளர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் 1975-இல் வந்த ‘சபோட்டாஜ்’. பழைய நிர்வாகத்தோடு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே செய்த ஆல்பம். அந்தக் கோபம் ‘த ரிட்’ பாட்டில் அப்படியே இருக்கிறது. ‘சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்’ ரிஃப்பை 1975-இல் போட்டார்கள் என்பதை இன்றைக்குக் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. கிடார் இறங்கியபோது கீசர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது. பேஸில் தடித்த கம்பியை அவ்வளவு தளர்த்தினால் கொழகொழவென்று ஆகிவிடும். நான் முயன்று பார்த்து ஒரு மாதம் திண்டாடியிருக்கிறேன். விரலை அழுத்தாமல், கம்பியைத் தொட்டுவிட்டு உடனே விட வேண்டும். வரிகளில் பெரும்பகுதியை எழுதியவரும் அவர்தான். அணுகுண்டு பயத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ எழுதியவர். அயோமி பேரையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

வேலந்தாவளம் லேத்:

பேஸ் அக்கா சொன்னது சரி. கீசர் பேரை நான் விட்டது தப்பு. அந்தக் கனத்தில் பாதி அவருடையது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் உண்டு. லேத்தில் புது டூல் மாட்டி முதல் வெட்டு போடும்போது சீவி வரும் இரும்புச் சுருள் ஒரே நீளமாக, நீலம் பாரித்து, பளபளவென்று வரும். அப்புறம் நூறு பீஸ் வெட்டலாம், அளவு இன்னும் துல்லியமாகக்கூட வரும். அந்த முதல் சுருள் திரும்ப வராது. ‘வால்யூம் 4’ எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் அவர்களுக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது. ‘மாஸ்டர்’ ஆல்பத்தில் கண்டுபிடித்த கணத்திலேயே நிற்கிறார்கள்.

மீனாட்சிபுரம் அண்ணாவுக்கு. அந்தச் சின்னத் துண்டுகளைக் கழித்துவிடாதீர்கள். ‘எம்ப்ரியோ’ அரை நிமிடம், அது முடிந்த கையோடு ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ வந்து இடிக்கிறது. ‘ஆர்கிட்’ தனியாக ஒரு கிடார், அதற்குப் பின்னால் ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்டு’. காதை முதலில் தணித்து, பிறகு அடிக்கிறார்கள். ‘சாலிட்யூட்’ பாட்டில் அந்தப் புல்லாங்குழல் வாசித்ததும் அயோமியே. அதே விரல்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். டியோவோடு பிற்காலத்தில் சேர்ந்து வாசித்தபோது ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்றுதானே பேண்டுக்குப் பேர் வைத்தார்கள்? சபாத் என்று வைக்கவில்லையே?

மீனாட்சிபுரம் 1980:

பேர் வைத்தது 2006-இல், தம்பி. 1980 அட்டையில் பிளாக் சபாத் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அயோமி, கீசர், பில் வார்டு, மூன்று பேரும் அதில் இருக்கிறார்கள். ஜமாப்காரர் கவனிக்கட்டும், வார்டு அந்த ஆல்பத்திலும் அடித்திருக்கிறார், வெளியேறியது அதற்கான சுற்றுப்பயணத்தின் நடுவில்தான். தயாரிப்பு மார்ட்டின் பர்ச். டீப் பர்ப்பிள் பேண்டுக்கு வேலை செய்தவர், பின்னால் அயர்ன் மெய்டன் பேண்டுக்கும் செய்தவர். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது.

நீ முதல் சுருளைப் பற்றிச் சொன்னாய். அழகான பேச்சு. நான் வேறொன்று சொல்கிறேன். ‘நெவர் சே டை’ 1978-இல் வந்தபோது அந்தப் பேண்டு முடிந்துவிட்டது என்றார்கள். தலை கருகிப்போன தென்னையிலிருந்து புதுக் குருத்து வெடித்து வருவதை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்திருக்கிறேன். வராது என்று வெட்டக் கயிறு கட்டிய மரத்தில் வந்தது. 1971-இல் அவர்களுக்கு வயசு இருந்தது, வேகம் இருந்தது. 1980-இல் அது எதுவும் இல்லாமல் எழுந்தார்கள். அதனால்தான் என் கணக்கில் அது மேலே.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘லோன்லி இஸ் த வேர்டு’. பாதிக்கு மேல் அயோமியின் தனிக் கிடார் சோலோதான். நீ சொல்கிற அதே அடிபட்ட விரல்கள். ஒரு தடவை அதை வாசித்துப் பார்த்துவிட்டு எழுது.

கொழிஞ்சாம்பாறை ஜமாப்:

வார்டு இருக்கிறார், ஆனால் அந்த ஆட்டம் குறைந்துவிட்டது. நேராக அடிக்கிறார். ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாட்டின் வேகம் கூடும் இடம் மட்டும் விதிவிலக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

எட்டிமடை ஹாஸ்டல்:

‘சபோட்டாஜ்’ நேற்று ராத்திரி முதல் தடவை முழுதாகக் கேட்டேன். பேஸ் அக்கா, ‘மெகலோமேனியா’ பாட்டை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டேன். ஆனாலும் ‘பாரனாய்டு’தான்.

வேலந்தாவளம் லேத்:

அண்ணா, மூன்று நாளாக ‘லோன்லி இஸ் த வேர்டு’ பிடித்துப் பார்க்கிறேன். அந்தப் பாட்டுக்குக் கம்பியை அவ்வளவு இறக்க முடியாது, டியோ வந்த பிறகு அயோமியே சுருதியை மேலே கொண்டுபோய்விட்டார். கம்பி இறுகி நிற்கிறது. சோலோவில் மேலே தள்ளி வளைக்கும் இடத்தில் என் ஒட்டுத் தோல் வழுக்கிவிடுகிறது. பழைய செருப்பின் மெல்லிய தோலை வெட்டி விரலுக்கு உறை தைத்திருக்கிறேன். நேற்று அதைப் போட்டு வாசித்ததில் முதல் எட்டு வரி சுத்தமாக வந்தது. அந்த எட்டு வரியில் அவர் எவ்வளவு அழுதிருக்கிறார் என்று வாசிக்கும்போதுதான் தெரிந்தது.

என் ஓட்டு ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’க்குத்தான். மீதிச் சோலோவும் வந்ததும் பதிவு செய்து இங்கே போடுகிறேன்.